சுரண்டும் சத்தம்

கரக், கரக் என்ற அந்தச் சத்தம் கமலவேணியின் வலது பாதத்துக்கு நேர் கீழே கேட்டது. பாதத்துக்கும் சத்தத்துக்கும் நடுவில் ஒரு பலகை, அதற்கும் கீழே படகின் ஓடு, அவ்வளவுதான். அவள் கணவர் அமிர்தலிங்கம் தண்ணீருக்குள் மல்லாந்து கிடந்து, படகின் அடியில் ஒட்டி வளர்ந்த சிப்பிகளைத் தட்டைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். மூச்சு தாங்குகிற வரை சுரண்டுவார், மேலே வந்து உஸ்ஸென்று ஊதுவார், மறுபடி உள்ளே போவார். அதனால் சத்தம் வருவதும் நிற்பதும் மறுபடி வருவதுமாக இருந்தது. அவள் அடுப்பு மேடைக்கு முன்னால் நின்று காய்ந்த நெத்திலியின் தலையை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். மதியம் பக்கத்துப் படகிலிருந்து தியோவும் அவர் மனைவி சுவீ லானும் சாப்பிட வருகிறார்கள். அமிர்தலிங்கம்தான் கூப்பிட்டார். நேற்று நடந்ததற்கு ஒரு விருந்து மாதிரி இருக்கட்டும் என்றார். விருந்து. தலையைக் கிள்ளினால் கூடவே குடலும் ஒரு கறுப்பு நூலாக வந்துவிட வேண்டும், வராவிட்டால் மிளகாய்ச் சம்பல் கசக்கும். இன்று அவள் கிள்ளியதில் பாதி வரவில்லை. நகத்தால் வயிற்றைக் கீறி எடுத்தாள். கரக், கரக். இப்போது சத்தம் இடது பக்கம் நகர்ந்து அலமாரிக்கு அடியில் போனது. நல்லது, அங்கே இருக்கிறார், உயிரோடு இருக்கிறார் என்று நினைத்தாள். நினைத்த உடனே முகம் சுட்டது. அடுப்பு பற்ற வைக்கவில்லை இன்னும்.

இன்று கயிறு கட்டிக்கொண்டுதான் இறங்கினார். இடுப்பில் ஒரு நுனி, படகின் கம்பியில் ஒரு நுனி. எந்த நாளிலும் கட்டாதவர். மிதவைச் சட்டையைக்கூடப் போட்டுக்கொள்ளாத மனிதர். "உனக்காகக் கட்டிக்கிறேன் வேணி, பாத்துக்க. நேத்து உன்ன ரொம்பப் பயமுறுத்திட்டேன்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, முடிச்சை இழுத்துக் காட்டினார், சின்னப் பிள்ளை சட்டைப் பொத்தான் போட்டுக் காட்டுவது போல. பயமுறுத்திட்டேன். அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்று ஆட்டினாளா, சும்மா ஆட்டினாளா. பயந்தாள்தான். பிறகு பயந்தாள். அவரை மேலே இழுத்துப் போட்ட பிறகு உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். அதெல்லாம் உண்மை. ஆனால் அதெல்லாம் பிறகு. பிறகு என்பதற்கு முன்னால் ஒன்று இருந்தது. நெத்திலிக் கிண்ணத்தைப் பார்த்தாள். எல்லா மீனுக்கும் கண் திறந்தே இருந்தது. இன்னொரு தலையைக் கிள்ளினாள்.

நேற்று மத்தியானம் லங்காவித் தீவுகளில் ஒன்றைச் சுற்றி வந்தபோது காற்று திடீரென்று கூடியது. முன்பக்கத்துப் பாயை இறக்க அவர் முன்னால் போனார். அவள் சுக்கான் கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்லிக்கொடுத்தபடி, கண்ணைத் தூரத்து மலை மேல் வைத்து. சுண்ணாம்புப் பாறை மலை, நடுவில் ஒரு வெள்ளைக் கீறல். அந்தக் கீறலைப் பார்த்து ஓட்டு என்றிருந்தார். படகு ஒரு அலையில் ஏறிப் பக்கவாட்டில் உருண்டது. அவள் பார்வையைத் தாழ்த்தியபோது முன்பக்கத்தில் பாய் இருந்தது, படபடவென்று அடித்துக்கொண்டு. கயிறு இருந்தது. அவர் இல்லை. அந்தக் காலி இடத்தை அவள் பார்த்தாள். வெயில் பட்டு மினுங்கிய ஈரப் பலகை. அப்போதுதான் அது வந்தது. அப்பாடா. யாரோ காதில் சொன்னது போல இல்லை. அவளேதான், அவள் குரலில்தான், கனமான பையைத் தரையில் வைக்கும்போது வருகிற மாதிரி, வேலை முடிந்து செருப்பைக் கழற்றும்போது வருகிற மாதிரி. அப்பாடா. வாயால் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடக் காற்றில் போயிருக்கும். சொல்லாததால் உள்ளேயே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு கை என்னென்னவோ செய்தது. மிதவை வளையத்தைப் பிடுங்கி வீசியது, பாயின் கயிற்றைத் தளர்த்தியது, இன்ஜினை முடுக்கியது, படகைத் திருப்பியது, காற்றுக்கு எதிர்முகமாக மெதுவாக வந்து அவருக்குப் பக்கத்தில் இன்ஜினை அணைத்தது. எல்லாம் கை. ஊரில், தைப்பிங் ஆஸ்பத்திரி வார்டில் சிஸ்டராக வேலை பார்த்த காலமெல்லாம் பழகிய கை. யாருக்காவது மூச்சு நின்றால் மனசைக் கேட்காமல் ஓடுகிற கை. கைக்கு என்ன தெரியும். கையைப் பாராட்டுவது என்றால் பாராட்டிக்கொள்ளட்டும்.

கரக். நின்றது. உஸ். கரக், கரக். மேலே வந்துவிட்டு மறுபடி போயிருக்கிறார். அவள் வெங்காயத்தை எடுத்தாள். படகில் வெங்காயத்தை வலையில் தொங்கவிட வேண்டும், இல்லையென்றால் வியர்த்து அழுகும். இதையும் அவர்தான் எங்கோ படித்துச் சொன்னார். வேறு மாதிரி இருக்கலாம் என்று அவள் விடிந்ததிலிருந்து யோசித்துப் பார்த்துவிட்டாள். தலை தண்ணீருக்கு மேலே வந்ததைப் பார்த்துத்தான் அந்தச் சொல் வந்திருக்கும், உயிரோடு இருக்கிறார் என்ற நிம்மதியில் வந்திருக்கும். அப்பாடா, பிழைத்தார். யார்தான் அப்படி நினைக்க மாட்டார்கள். இந்தக் கதை நன்றாகத்தான் இருந்தது, ஒரு வாய் டீ குடிக்கும் நேரம் வரை நன்றாக இருந்தது. ஆனால் தலை அப்போது தெரியவில்லை. அவள் பார்த்தது பலகையை. காலியான பலகையை. தலை பிறகுதான், படகு கடந்து போன பிறகுதான், பின்னால் தெரிந்தது. சொல் முன்னால், தலை பின்னால். எத்தனை முறை மாற்றி அடுக்கிப் பார்த்தாலும் அது தன் இடத்துக்கே போய் உட்கார்ந்துகொண்டது. அந்த ஒரு நொடிக்குள் அவள் எங்கே இருந்தாள் என்றுகூடத் தெரிகிறது. தைப்பிங் வீட்டில், பின்கட்டில், மழையில் நனைந்த சிமெண்டுத் தரையில், வெறுங்காலோடு. தரை அசையாமல் இருந்தது. அவர் செத்துப்போக வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. ஒருபோதும் இல்லை, சத்தியமாக இல்லை. தரை அசையாமல் இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் அது வருவதற்கு அவர் போக வேண்டியிருந்தது, அவள் மனசுக்கு அந்தக் கணக்கு உடனே விளங்கிவிட்டது, எவ்வளவு வேகமாக விளங்கிவிட்டது. வெங்காயம் கண்ணைக் கரித்தது. நல்லதாகப் போயிற்று.

வார்டில் ஒரு பெண் இருந்தாள். பெயர் மறந்துவிட்டது, முகம் மறக்கவில்லை. புருஷன் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தான், அவள் கூடவே கிடந்தாள், கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து. அவன் போன அன்று காலையில் கமலவேணிதான் துணியை இழுத்து முகத்தை மூடினாள். அந்தப் பெண் அழவில்லை. நீளமாக ஒரு மூச்சு விட்டாள். "சிஸ்டர், கொஞ்சம் காப்பி கிடைக்குமா, சூடா" என்று கேட்டாள். வாங்கி, நின்றபடியே, மெதுவாக, ருசித்துக் குடித்தாள். டீ நேரத்தில் மற்ற நர்சுகளிடம் கமலவேணி அதைச் சொன்னாள். இப்படியும் ஒருத்தி இருக்கிறாளே, நெஞ்சு கல்லா என்ன என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்போல நின்றும் காட்டினாள், கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. அதற்கு மறுபடி சிரித்தார்கள். அதன் பிறகு அந்தப் பெண்ணைப் பற்றி நினைத்ததே இல்லை. இப்போது அவள் வந்து இந்தச் சின்னச் சமையல் இடத்தில் நிற்கிறாள். ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்காவது மாதக்கணக்கில் பட்ட பாடு இருந்தது. எனக்கு என்ன இருக்கிறது. எனக்கு என்ன குறை வைத்தார்.

அதுதான், குறை வைத்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். மின்சார வாரியத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரு கிழட்டுப் படகை வாங்கி, ஆற்று முகத்துவாரத்தில் கட்டிப்போட்டு, தானே தேய்த்துத் தானே பெயிண்ட் அடித்து, பக்கவாட்டில் வேணி என்று தமிழில் எழுதினார். துறைமுகத்தில் யாருக்கும் படிக்கத் தெரியாது, கேட்பவர்களுக்கெல்லாம் என் மனைவி பெயர் என்று சொல்வார். பின்பக்கத்தில் ஒரு தொட்டியில் கறிவேப்பிலைச் செடியைக் கம்பியோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார், உப்புக்காற்றில் இலை நுனி கருகினால் நல்ல தண்ணீரால் துடைக்கிறார். அவளுக்குப் பாதம் சுடக்கூடாது என்று உட்காரும் இடத்துக்கு மேலே துணிப்பந்தல் தைத்தார், அவரே, ஊசியில் விரலைக் குத்திக்கொண்டு. குமட்டல் வந்த நாளெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினார். காலையில் எழுந்ததும் பாய்மரத்தை விரல் கணுவால் தட்டுவார், டொக் டொக் என்று, வானத்தைப் பார்ப்பார், காற்று எந்தப் பக்கம் என்று சொல்வார். பிறகு வானொலியில் அதையே சொல்வார்கள், பாத்தியா என்பார். அவள் சுருட்டி வைத்த கயிற்றை அவிழ்த்து மறுபடி சுருட்டுவார், திட்டாமல், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பு. தீவிலிருந்து தீவுக்கு, நங்கூரம் போடுவது, எடுப்பது, தண்ணீர்த் தொட்டியைத் தட்டிப் பார்ப்பது, துணியைக் கம்பியில் காயப்போட்டு கவ்வி மாட்டுவது, கரையிலிருந்து குரங்கு நீந்தி வந்து ரொட்டியைத் தூக்கிக்கொண்டு போகாமல் கதவைச் சாத்துவது, மறுபடி நங்கூரம். ராத்திரி படுத்தால் நங்கூரச் சங்கிலி பாறையில் உரசுவது தலையணைக்குள் கேட்கும். அவருக்குத் தாலாட்டு மாதிரி இருக்கிறதாம். வருவியா வேணி என்று சமையல் மேசையில் கடல் வரைபடத்தை விரித்து வைத்துக் கேட்டபோது, அந்த முகத்தைப் பார்த்து, உங்களுக்கு எது பிடிக்குதோ என்றாள். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். அவர் மேல் தப்பு இல்லை. அவள் அதை ஆமாம் மாதிரிதான் சொன்னாள். இல்லை என்று ஒரு வார்த்தையை எத்தனையோ இடத்தில் சொல்லியிருக்கலாம், தைப்பிங்கில், ஆற்று முகத்துவாரத்தில், பங்கோர் தீவில், லங்காவியில். எங்கேயும் சொல்லாமல், அவர் தண்ணீருக்குள் விழுந்த பிறகு மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

நேற்று சாயங்காலம் தியோ தன் ரப்பர்ப் படகில் பெட்ரோல் கேன் கடன் வாங்க வந்தார். பினாங்குக்காரர், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர், சுவீ லானும் கூட வந்திருந்தாள். அமிர்தலிங்கம் துண்டைப் போர்த்திக்கொண்டு, நெற்றிச் சிராய்ப்பில் அவள் ஒட்டிய பிளாஸ்திரியோடு, முழுக்கதையையும் மலாய் மொழியில் சொன்னார். கையை வீசிச் சொன்னார். நான் விழுந்துவிட்டேன், கிழவன், முட்டாள், இவள் ஒரு நொடி தாமதிக்கவில்லை, ஒரு நொடி. மாலுமிக்கே முடியாது இப்படித் திருப்ப. இவள் இல்லை என்றால் இந்நேரம் மீனுக்குச் சாப்பாடு. தியோ எழுந்து நின்று அவளுக்குச் சல்யூட் வைத்தார். சுவீ லான் அவள் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள், கண்ணீரோடு, நீ பலசாலி அக்கா என்றாள். அந்தக் கன்னத்தின் சூடு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. அவள் என்ன செய்தாள்? சிரித்தாள். அடக்கமாக, தலையைக் குனிந்து, அதெல்லாம் ஒன்றுமில்லை என்பது போல. அது இன்னும் கேவலம். விழுந்த நொடியில் வந்தது தானாக வந்தது, யார் கேட்டும் வரவில்லை. இந்தச் சிரிப்பை அவள் தெரிந்தே சிரித்தாள். ஒரு நொடி தாமதிக்கவில்லை என்று அவர் சொல்லும்போதெல்லாம், அந்த ஒரு நொடி எங்கே போனது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவர் ஏன் இத்தனை முறை சொல்கிறார். காலையில் படகுகள் பேசிக்கொள்ளும் வானொலியில்கூட, லங்காவித் துறைமுகத்திலிருந்து யாரோ நலம் விசாரித்தபோது, மறுபடி முதலிலிருந்து சொன்னார். போதும் என்று சொல்ல வாய் வரவில்லை. போதும் என்றால் ஏன் என்பார்.

மிளகாய் விழுதை எண்ணெயில் போட்டாள். காரம் எழுந்து தொண்டையைப் பிடித்தது, இருமினாள், அடுப்பைத் தணித்தாள், மூடியைத் தேடினாள். மூடி வைத்த பிறகுதான் கவனித்தாள். சத்தம் இல்லை. எப்போது நின்றது. இருமும்போதா, அதற்கு முன்னாலா. உஸ் என்ற மூச்சு கேட்டதா. கேட்டிருக்கும், எண்ணெய்ச் சத்தத்தில் தெரிந்திருக்காது. காத்திருந்தாள். எண்ணெய் பொரிந்தது. எங்கோ ஒரு செம்பருந்து கத்தியது. கரக் வரும் என்று பாதத்தைப் பலகையில் அழுத்தி வைத்தாள், காதால் கேட்பதைவிடப் பாதத்தால் சீக்கிரம் தெரியும் என்பது போல. வரவில்லை. நெஞ்சு அடித்தது. அதிலும் ஒரு நம்பிக்கைக் கீற்று. பார், பயப்படுகிறேன், முதலிலேயே பயப்படுகிறேன், வேறு எதுவும் வரவில்லை. அதைப் போய்க் கவனித்துக்கொண்டு நிற்கிறாளே இந்த நேரத்தில். நான்கே படி ஏணியில் ஏற இத்தனை நேரமா. மேலே வந்தபோது வெயில் கண்ணை அடைத்தது. கம்பியில் கட்டிய கயிறு தொங்கலாகத் தண்ணீருக்குள் போயிருந்தது, அசைவில்லாமல். கயிற்றைப் பிடித்தாள். இழுத்தாள், இரண்டு கையாலும், காலைக் கம்பியில் உதைத்துக்கொண்டு. முதலில் சும்மா வந்தது, பிறகு கனத்தது, அந்தக் கனம் உள்ளங்கையில் பட்டதும் அவளுக்கு வாய்விட்டு ஏதோ வந்தது. பெயரா, அழுகையா, தெரியவில்லை. இழுத்துக்கொண்டே இருந்தாள்.

"ஏய், ஏய், விடு" என்று படகின் பின்பக்கமிருந்து குரல் வந்தது.

அவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தார். நீச்சல் கண்ணாடியையும் அதோடு சேர்ந்த மூச்சுக்குழாயையும் கழற்றி நெற்றியில் ஏற்றியிருந்தார். கயிறு இடுப்பை இறுக்கியதில் ஒரு வாய் உப்புத்தண்ணீர் குடித்து இருமிக்கொண்டிருந்தார்.

"சும்மா இளைப்பாறிக்கிட்டு இருந்தேன். அதுக்குள்ள மாட்டைக் கட்டி இழுக்கிற மாதிரி இழுக்கற."

"சத்தம் நின்னுபோச்சு" என்றாள். கயிற்றை இன்னும் விடவில்லை.

அவர் சின்ன ஏணியில் ஏறிப் பாதி உடம்பு தண்ணீரிலும் பாதி வெளியிலுமாக உட்கார்ந்தார். முதுகில் நரைத்த முடி ஒட்டிக்கிடந்தது. தோளில் சிப்பி கீறி இரண்டு மூன்று சிவப்புக் கோடு. அவள் அவருக்குப் பின்னால் பலகையில் உட்கார்ந்தாள். முகம் தெரியாமல் இருந்தது வசதியாக இருந்தது. வசதியாக இருக்கிறது என்று தெரிந்ததும் அதற்கும் வெட்கமாக இருந்தது. இப்போது சொல்லாவிட்டால் தியோ வந்துவிடுவார், இவர் மறுபடி கையை வீசுவார், நான் மறுபடி தலையைக் குனிந்து சிரிப்பேன். அந்தச் சிரிப்பு முகத்தில் ஏறத் தயாராக நிற்பது தாடையில் தெரிந்தது.

"அவங்க வந்தா நேத்துக் கதைய மறுபடி சொல்லாதீங்க."

"ஏன்?"

"நீங்க சொல்ற மாதிரி இல்ல அது." குரல் வார்டில் பேசுகிற குரலாக வந்தது, காய்ச்சல் எவ்வளவு என்று டாக்டரிடம் சொல்வது போல. "நீங்க விழுந்தப்ப எனக்கு முதல்ல பயம் வரல. அப்பாடான்னு இருந்துச்சு. வீட்டுக்குப் போயிடலாம்னு இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம்."

அவர் திரும்பவில்லை. கையிலிருந்த கத்தியில் ஒட்டியிருந்த சிப்பித் துணுக்கைக் கட்டை விரலால் நெம்பிக்கொண்டிருந்தார். அது விழுந்த பிறகும் விரல் அங்கேயே நெம்பியது.

"உன் மூஞ்சியப் பாத்தேன்" என்றார்.

அவளுக்கு விளங்கவில்லை.

"தண்ணியிலருந்து தலையத் தூக்கினப்ப. படகு என்னத் தாண்டிப் போகுது. நீ திரும்பிப் பாக்கற. கலியாணமான புதுசுல மத்தியானம் தூங்கி எழுந்து வருவியே, அப்படி ஒரு மூஞ்சி. இந்தப் படகுல ஏறினதுலருந்து நான் பாத்ததே இல்ல அத." கொஞ்சம் நிறுத்தினார். "உயிர் போற நேரத்துல, இவ எவ்வளவு அழகா இருக்கான்னு தோணுச்சு. அப்புறம்தான் ஏன்னு தோணுச்சு."

நேற்று சாயங்காலம் வீசிய கை, வானொலியில் மறுபடி மறுபடி சொன்ன ஒரு நொடி தாமதிக்கவில்லை, அதெல்லாம் அவளுக்கு முன்னால் வந்து நின்றது. தெரிந்துகொண்டு சொல்லியிருக்கிறார். ஊரைக் கூட்டி வைத்து என்னைப் போர்த்தி மறைத்திருக்கிறார். நான் அதற்குள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். பலகையில் ஊன்றிய தன் கையை அவள் பார்த்தாள். நகக்கண்ணில் நெத்திலியின் கறுப்பு இருந்தது. கையை மடிக்குள் மறைத்துக்கொண்டாள்.

"நானா ஒண்ணு நினைச்சுக்கிட்டேன்" என்றார் அவர், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக. "என் தலை வெளிய வந்தது உனக்குத் தெரிஞ்சிருக்கும். ஆள் முழுகல, பொழச்சுக்கிட்டாருன்னு நிம்மதி. அந்த நிம்மதிதான் மூஞ்சியில தெரிஞ்சிருக்கும். அப்படியும் இருக்கலாம் இல்ல?"

அவள் காலையிலிருந்து தனியாக அடுக்கி அடுக்கிப் பார்த்துத் தள்ளி வைத்ததை அவரும் தனியாக அடுக்கியிருக்கிறார். அதை இப்போது இரண்டு கையிலும் ஏந்தி நீட்டுகிறார். வாங்கிக்கொண்டால் போதும். ஆமாங்க என்ற ஒரு சொல் போதும், மதியச் சாப்பாடு நடக்கும், நங்கூரம் எடுக்கலாம், அடுத்த தீவுக்குப் போகலாம். அவர் தோளில் சிப்பிக் கீறலிலிருந்து ரத்தம் தண்ணீரோடு கலந்து ரோஜா நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. மருந்து போட வேண்டும். அவர் காத்திருந்தார். கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, வானொலியில் வானிலை கேட்பது போல.

"இல்லங்க" என்றாள். "அதுக்கு முன்னாடியே."

அவர் தலையை ஆட்டினார். ஒரு தடவை, அப்புறம் இன்னொரு தடவை. இடுப்புக் கயிற்றின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். ஈரத்தில் இறுகியிருந்தது, வரவில்லை, விட்டுவிட்டார்.

"துண்ட எடு" என்றார்.

அவள் கம்பியில் காய்ந்த துண்டை எடுத்துக் கொடுத்தாள். அவர் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துண்டை முகத்திலிருந்து எடுக்காமல் அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்துப் படகில் சுவீ லான் ஏதோ சொல்லிச் சிரிப்பதும், ரப்பர்ப் படகின் மோட்டாரைத் தியோ இழுத்து உசுப்புவதும் தண்ணீரின் மேல் தெளிவாகக் கேட்டன. அடுப்பில் சம்பல் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. உள்ளே போய் அணைத்திருக்கலாம், முகத்தைக் கழுவியிருக்கலாம். அவள் போகவில்லை. அவர் துண்டுக்குப் பின்னால் என்ன முகத்தோடு இருந்தாலும், அதை எடுக்கும்போது முதலில் பார்க்கிற ஆளாக அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.